3 வேலை, 1,816 விண்ணப்பம்: ஜப்பானின் ‘உறைபனித் தலைமுறை’ இன்னும் தவிப்பது ஏன்?

ஜப்பானில் ஒசாகாவுக்கும் கோபேவுக்கும் பக்கத்தில் இருக்கும் நடுத்தர நகரம் தகரசுகா. பெண்கள் மட்டுமே நடிக்கும் இசை நாடகக் குழுவுக்குப் பெயர்போன ஊர். 2019-ல் அந்த ஊர் மாநகராட்சி ஒரு வேலைவாய்ப்பு அறிவிப்பை வெளியிட்டது. எடுக்கப்போவது 3 பேர்தான். வேலையும் சாதாரண அலுவலக வேலைதான். தகுதி மட்டும் கொஞ்சம் விசித்திரமாக இருந்தது. விண்ணப்பிக்கிறவரின் வயது 36 முதல் 45-க்குள் இருக்க வேண்டும்!

நாடு முழுவதிலிருந்தும் வந்து குவிந்த விண்ணப்பங்கள் 1,816. அவர்களில் 1,600 பேருக்கு மேல் தேர்வு எழுதினார்கள். கடைசியில் 4 பேருக்கு வேலை கிடைத்தது. அதாவது, ஓர் இடத்துக்குச் சுமார் 400 பேர் மோதினார்கள்.

இத்தனைக்கும் அப்போது ஜப்பானில் மந்தநிலை எதுவும் இல்லை. கடை, கட்டுமானம், முதியோர் பராமரிப்பு என எங்கே பார்த்தாலும் ஆள் பற்றாக்குறை. வெளிநாட்டுத் தொழிலாளர்களைக் கூடுதலாக வரவழைப்பதற்குப் புதிய விசா முறையை அதே 2019 ஏப்ரலில்தான் ஜப்பான் அமல்படுத்தியது. ஆள் இல்லை என்று ஒரு நாடே புலம்பும்போது, 40 வயதுக்காரர்கள் 1,816 பேர் 3 இடங்களுக்கு ஏன் அடித்துக்கொண்டார்கள்?

இதற்கான பதில் அவர்களுடைய படிப்பிலோ திறமையிலோ இல்லை. அவர்கள் எந்த ஆண்டில் படிப்பை முடித்தார்கள் என்பதில் இருக்கிறது.

‘உறைபனிக் காலம்’ என்பது என்ன?

1980-களின் இறுதியில் ஜப்பானில் பணம் கொழித்தது. டோக்கியோ பங்குச் சந்தையின் நிக்கேய் குறியீடு 1989 டிசம்பர் கடைசியில் 38,915 புள்ளிகளைத் தொட்டது. அதன் பிறகு குமிழி உடைந்தது. அந்த உயரத்தை மறுபடி எட்டுவதற்கு 2024 பிப்ரவரிவரை, அதாவது 34 ஆண்டுகள் காத்திருக்க வேண்டியிருந்தது.

முதல் அடி புதிதாக வேலை தேடியவர்கள் மீது விழுந்தது. ‘ஷூஷோகு ஹியோகாகி’ என்ற சொல் புழக்கத்துக்கு வந்தது. ‘வேலை தேடுவோரின் உறைபனிக் காலம்’ என்று இதற்குப் பொருள் சொல்லலாம். வேலைவாய்ப்பு இதழ் ஒன்று 1992-ல் உருவாக்கிய இந்தச் சொல், 1994-ல் அந்த ஆண்டின் பிரபலச் சொற்களுக்கான விருதுப் பட்டியலிலும் இடம்பிடித்தது. 1993 முதல் 2004 வரை படிப்பை முடித்து வெளியே வந்தவர்களை ‘உறைபனித் தலைமுறை’ என்று பொதுவாகச் சொல்கிறார்கள்.

1997 நவம்பரில் நிலைமை இன்னும் மோசமானது. 100 ஆண்டு பழமையான யமாய்ச்சி செக்யூரிட்டீஸ் நிறுவனம் இழுத்து மூடப்பட்டது. ஊழியர்கள்மீது எந்தத் தவறும் இல்லை என்று சொல்லி, அதன் தலைவர் கேமராக்கள் முன் அழுத காட்சியை ஜப்பானியர்கள் இன்றும் மறக்கவில்லை. அதே மாதம் ஹொக்கைடோ டகுஷோகு வங்கியும் கவிழ்ந்தது. 2002-ல் வேலையின்மை 5.4 சதவீதத்தைத் தொட்டது. மற்ற நாடுகளுக்கு இது பெரிய எண்ணாகத் தோன்றாது. 2 சதவீதமே வழக்கம் என்றிருந்த ஜப்பானுக்கு அது பேரிடி.

ஒரே வீடு, இரண்டு விதி

ஓர் உதாரணத்துக்கு, ஒரே வீட்டில் பிறந்த அண்ணன், தம்பியை எடுத்துக்கொள்வோம். ஒரே கல்லூரி, ஒரே மாதிரி மதிப்பெண். அண்ணன் 1991-ல் பட்டம் பெறுகிறார். தம்பி 2000-ல்.

அண்ணன் காலத்தில் வேலை தேடிய ஒவ்வொரு பட்டதாரிக்கும் சராசரியாக 2.86 வேலைகள் காத்திருந்தன. தேர்வு செய்த மாணவர் வேறு கம்பெனிக்குத் தாவிவிடக் கூடாது என்று நிறுவனங்கள் அவரைச் சுற்றுலா அழைத்துப்போன கதைகள் எல்லாம் உண்டு. தம்பி காலத்தில் இந்த எண் 0.99 ஆகச் சுருங்கியது.

100 பேருக்கு 99 வேலை என்றால் பரவாயில்லையே என்று தோன்றலாம். ஆனால், அந்த 99-ல் பெரும்பங்கு ஆள் கிடைக்காமல் தவித்த சிறு நிறுவனங்களுடையது. பெயர் தெரிந்த பெரிய நிறுவனங்களின் வாசலில் கூட்டம் அலைமோதியது. நூற்றுக்கணக்கான கம்பெனிகளுக்கு அஞ்சலட்டை எழுதிப்போட்டுவிட்டு, பதிலே வராமல் காத்திருந்த மாணவர்கள் ஏராளம். பெண்களின் நிலை இன்னும் மோசம். அவர்களை அதிகமாகச் சேர்த்துக்கொண்ட அலுவலக உதவியாளர் பணிகளைத்தான் பல நிறுவனங்கள் முதலில் வெட்டின.

1991-ல் பட்டம் பெற்ற 100 பேரில் 81 பேர் வேலைக்குப் போனார்கள். 2003-ல் அது 55 ஆகச் சரிந்தது. மேற்படிப்புக்குப் போனவர்களைக் கழித்துவிட்டுப் பார்த்தாலும், பட்டம் வாங்கிய கையோடு எங்கே போவது என்று தெரியாமல் நின்றவர்கள் லட்சக்கணக்கில் இருந்தார்கள்.

கதவு ஒரே ஒருமுறைதான் திறக்கும்

மந்தநிலை எல்லா நாட்டிலும்தான் வருகிறது, போகிறது. ஜப்பானில் மட்டும் வடு இவ்வளவு ஆழமாக விழுந்தது ஏன்? ஆள் எடுக்கும் முறைதான் காரணம்.

ஜப்பானிய நிறுவனங்கள் ஆண்டுக்கு ஒருமுறை, கல்லூரியை முடிக்கப்போகும் மாணவர்களை மொத்தமாகத் தேர்ந்தெடுக்கும். படிப்பு முடிவதற்கு முன்பே வேலை உறுதியாகிவிடும். ஏப்ரல் 1 அன்று எல்லோரும் ஒரே மாதிரி கறுப்பு கோட்டு சூட்டில் வரிசையாக நின்று வேலையில் சேருவார்கள். பிறகு பயிற்சி, ஆண்டுக்காண்டு சம்பள உயர்வு, பதவி உயர்வு, ஓய்வூதியம். ஒருமுறை உள்ளே போய்விட்டால் ஆயுளுக்கும் கவலை இல்லை.

அந்த ஏப்ரலைத் தவறவிட்டால்? அடுத்த ஆண்டு கதவு அடுத்த பேட்ச்சுக்குத்தான் திறக்கும். நேற்று படிப்பை முடித்தவர் ‘புதியவர்’. போன வருடம் முடித்தவர், வேலை இல்லாமல் சும்மா இருந்தவர். அவ்வளவுதான் வித்தியாசம். ஆனால், அதுதான் வாழ்க்கையையே தீர்மானித்தது.

இன்னொரு காரணமும் உண்டு. நிரந்தர ஊழியரை நினைத்தவுடன் வேலையைவிட்டுத் தூக்குவது ஜப்பானில் கடினம். நீதிமன்றங்கள் அதை எளிதில் ஏற்பதில்லை. எனவே செலவைக் குறைக்க நினைத்த நிறுவனங்கள், உள்ளே இருப்பவர்களை விட்டுவிட்டு வாசலைச் சாத்தின. அப்பாவின் வேலையைக் காப்பாற்றிய அதே ஏற்பாடு, பிள்ளையின் வேலையைப் பறித்தது.

அப்புறம் என்ன ஆச்சு?

வயிற்றுப் பிழைப்புக்கு ஏதாவது செய்துதானே ஆக வேண்டும்? பகுதிநேர வேலை, ஒப்பந்த வேலை, ஏஜென்சி மூலம் அனுப்பப்படும் வேலை என்று கிடைத்ததைப் பிடித்துக்கொண்டார்கள். சட்டமும் அதற்குத் தோதாக மாறியது. ஏஜென்சி மூலம் ஆள் எடுக்கும் முறை 1999-ல் பெரும்பாலான தொழில்களுக்கும், 2004-ல் தொழிற்சாலை உற்பத்திப் பணிகளுக்கும் விரிவாக்கப்பட்டது. 1990-ல் ஜப்பானில் நிரந்தரமற்ற ஊழியர்கள் 5-ல் ஒருவர். 2019-ல் கிட்டத்தட்ட 5-ல் இருவர்.

இந்த வேலைகளில் பயிற்சி கிடையாது. சம்பள உயர்வு பெயரளவுக்குத்தான். பத்து வருடம் உழைத்தாலும் ‘அனுபவம்’ என்று யாரும் கணக்கில் எடுப்பதில்லை. 2008-ல் உலக நிதி நெருக்கடி வந்தபோது முதலில் வெளியே அனுப்பப்பட்டவர்களும் இவர்கள்தான். கம்பெனி கொடுத்த விடுதி அறையில் தங்கியிருந்தவர்களுக்கு வேலையோடு வீடும் போனது. அந்த ஆண்டின் கடைசி நாள், டோக்கியோவின் ஹிபியா பூங்காவில் தொண்டு அமைப்புகளும் தொழிற்சங்கங்களும் கூடாரம் போட்டுக் கஞ்சி ஊற்றின. புத்தாண்டு நாட்களில் சுமார் 500 பேர் அங்கே தஞ்சம் புகுந்தார்கள். பூங்காவுக்கு எதிரே இருப்பது தொழிலாளர் நலத் துறையின் அமைச்சகக் கட்டிடம்!

‘எல்லாம் உன் தப்புதான்’

பண நஷ்டத்தைவிட இவர்களை அதிகம் காயப்படுத்தியது ஊரின் பேச்சு. நிரந்தர வேலை இல்லாத இளைஞர்களைக் குறிக்கும் ‘ஃப்ரீட்டர்’ என்ற சொல் 1980-களில் பிறந்தபோது, அதில் ஒரு கெத்து இருந்தது. ஆபீஸுக்குக் கட்டுப்படாமல் கனவைத் துரத்துகிறவர் என்று பொருள். 2000-களில் அதுவே வசவாக மாறியது. சோம்பேறிகள், பெற்றோர் காசில் வாழ்பவர்கள், பொறுப்பில்லாதவர்கள் என்றெல்லாம் பேசினார்கள். ‘அவரவர் நிலைக்கு அவரவரே பொறுப்பு’ என்பது அரசியல் மேடைகளிலும் சகஜமானது.

இந்தப் பேச்சை அவர்களே நம்பிவிட்டதுதான் சோகம். 50 இன்டர்வியூவில் ‘இல்லை’ என்று கேட்டவருக்கு, குறை நாட்டின் பொருளாதாரத்தில் இருக்கிறது என்று தோன்றாது. தன்னிடம்தான் ஏதோ இல்லை என்றே தோன்றும்.

வீட்டைவிட்டு வெளியே வராமல் முடங்கிக் கிடப்பவர்களை ஜப்பானில் ‘ஹிக்கிகோமோரி’ என்பார்கள். இது விடலைப் பிள்ளைகளின் பிரச்சினை என்றே நெடுங்காலம் கருதப்பட்டது. 40 முதல் 64 வயதுக்குள் மட்டும் சுமார் 6.13 லட்சம் பேர் இப்படி இருப்பதாக 2019-ல் அரசு வெளியிட்ட மதிப்பீடு நாட்டை உலுக்கியது. எல்லோருக்கும் வேலையின்மைதான் காரணம் என்று சொல்ல முடியாது. நோய், குடும்பச் சிக்கல் எனப் பல காரணங்கள் உண்டு. ஆனால், 80 வயதுப் பெற்றோரின் ஓய்வூதியத்தில் 50 வயதுப் பிள்ளை வாழும் ‘8050 பிரச்சினை’ இப்போது ஜப்பானில் எல்லோருக்கும் தெரிந்த சொல்.

மற்ற நாடுகளில் இப்படி நடக்காதா?

நடக்கும். ஆனால், இவ்வளவு நீளாது. மந்தநிலையில் பட்டம் பெற்ற கனடா மாணவர்களைப் பற்றிய ஒரு புகழ்பெற்ற ஆய்வு 2012-ல் வெளியானது. தொடக்கத்தில் அவர்களின் வருமானம் சுமார் 9 சதவீதம் குறைவாக இருந்தது. 5 ஆண்டுகளில் அந்த இடைவெளி பாதியானது. 10 ஆண்டுகளில் கிட்டத்தட்ட மறைந்தது. சின்ன கம்பெனியில் சேர்ந்து, நிலைமை சீரானதும் பெரிய கம்பெனிக்கு மாறி, பலர் இழந்ததை மீட்டுக்கொண்டார்கள்.

அப்படி மாறுவதற்கு வழி இல்லாததுதான் ஜப்பானின் சிக்கல். ஜப்பானையும் அமெரிக்காவையும் ஒப்பிட்டு 2010-ல் வெளியான ஆய்வு இதை உறுதிப்படுத்தியது. குறைவாகப் படித்த ஆண்களுக்கு ஏற்பட்ட பாதிப்பு அமெரிக்காவில் தற்காலிகமானது. ஜப்பானில் பத்தாண்டுகளைக் கடந்தும் நீடித்தது.

அரசு என்ன செய்தது?

செய்தது, ஆனால் தாமதமாக. பட்டம் பெற்று 3 ஆண்டுகள் வரை ஒருவரைப் புதியவராகவே கருதுங்கள் என்று நிறுவனங்களை அரசு கேட்டுக்கொண்டது 2010-ல். உறைபனித் தலைமுறையில் பெரும்பாலானோர் அதற்குள் 30 வயதைத் தொட்டோ, தாண்டியோ இருந்தார்கள். 3 ஆண்டுகளில் இந்தத் தலைமுறையின் நிரந்தர ஊழியர் எண்ணிக்கையை 3 லட்சம் கூட்டுவோம் என்ற திட்டம் வந்தது 2019-ல். தகரசுகா மாநகராட்சி தன் பங்குக்கு ஆள் எடுத்ததும் அந்தச் சமயத்தில்தான். பிறகு கொரோனா வந்தது. இலக்கு எட்டப்படவில்லை. திட்டம் மேலும் 2 ஆண்டுகளுக்கு நீட்டிக்கப்பட்டது.

இன்று ஜப்பானில் பிறப்பு குறைந்து, இளைஞர்களுக்குக் கடும் கிராக்கி. 2024-ல் பட்டம் பெற்று வேலை தேடியவர்களில் 98.1 சதவீதம் பேருக்கு வேலை கிடைத்தது. இது ஒரு சாதனை அளவு. புதியவர்களின் தொடக்கச் சம்பளத்தை நிறுவனங்கள் போட்டி போட்டு உயர்த்துகின்றன. 40-களிலும் 50-களிலும் இருக்கும் உறைபனித் தலைமுறை இதை வேடிக்கை பார்க்கிறது. குறைந்த சம்பளத்தில் காலம் கழித்தவர்களுக்கு ஓய்வூதியமும் குறைவாகத்தான் வரும். அவர்கள் ஓய்வுபெறும்போது எப்படிப் பிழைப்பார்கள் என்பதே ஜப்பானின் அடுத்த கவலை.

தமிழ்நாட்டுக்கு இதில் என்ன பாடம்?

ஓர் இடத்துக்குப் பல நூறு பேர் என்பது தமிழ்நாட்டுக்குப் புதிதல்ல. 2024 டிஎன்பிஎஸ்சி குரூப் 4 தேர்வு அறிவிக்கப்பட்டபோது இருந்த காலியிடங்கள் 6,244. விண்ணப்பித்தவர்கள் 20 லட்சத்துக்கும் மேல். கிட்டத்தட்ட ஓர் இடத்துக்கு 320 பேர்.

ஜப்பானின் ‘ஒருமுறை திறக்கும் கதவு’ம் இங்கே ஓரளவுக்கு உண்டு. கேம்பஸ் இன்டர்வியூவில் வேலை கிடைக்காதவர் வெளியே தேடும்போது, ‘இந்த ஆண்டு முடித்தவர்கள் மட்டும்’ என்ற நிபந்தனையைப் பல ஐடி நிறுவன விளம்பரங்களில் பார்க்கலாம். ‘நடுவில் ஒரு வருடம் என்ன செய்தீர்கள்?’ என்ற கேள்வியும் தவறாமல் வரும். ஆள் எடுப்பதே குறைந்துபோன ஆண்டில் படிப்பை முடித்தவருக்கு இதற்கு என்ன பதில் இருக்க முடியும்?

கைநழுவிய காலத்தைத் திருப்பிக் கொடுத்ததற்கும் இங்கேயே ஓர் உதாரணம் உண்டு. கொரோனாவால் போட்டித் தேர்வுகள் தள்ளிப்போனதால், அரசு வேலைக்கான வயது உச்சவரம்பை 2 ஆண்டுகள் உயர்த்துவதாக 2021 செப்டம்பரில் தமிழ்நாடு அரசு அறிவித்தது. வயது கடந்துபோனது தேர்வர்களின் தவறு இல்லை என்பதை ஏற்றுக்கொண்ட முடிவு அது. ஜப்பான் இதே மாதிரி ஒரு கைநீட்டலைத் தொடங்குவதற்கு 20 ஆண்டுகள் எடுத்துக்கொண்டது.

22 வயதில் ஒரு வருடத்தைத் திருப்பிக் கொடுப்பது சுலபம், செலவும் குறைவு. 45 வயதில் அதே உதவி 1,816 பேரில் 4 பேருக்குத்தான் எட்டுகிறது. மீதமுள்ள 1,812 பேரும் மறுநாள் காலை அதே தற்காலிக வேலைக்குக் கிளம்பிப் போயிருப்பார்கள்.