எபிசோட் 37: ஒரே பேர்ல ரெண்டு ஃபோல்டர்

ஒரு கேள்வி உங்ககிட்ட இருந்து திரும்பத் திரும்ப வருது: "எங்க டெக்னீஷியன்ஸ் எடுக்கிற ஃபோட்டோ, கஸ்டமர் கையெழுத்து, சர்வீஸ் ரிப்போர்ட் எல்லாம் ஒரு ஆப்ல இருக்கு. ஆபீஸ் ஃபைல்ஸ் எல்லாம் கூகுள் டிரைவ்ல இருக்கு. ரெண்டையும் தானா இணைக்கிறது எப்படி?"

இணைக்கிறது ஒரு மத்தியான வேலை. நானும் அப்படித்தான் ஒரு மத்தியானத்துல முடிச்சேன். அதுக்கப்புறம் மூணு மாசம், நான் எழுதின கோடால ஒருத்தருக்கு இன்சென்டிவ் குறைஞ்சுக்கிட்டே இருந்தது. எனக்கு அது தெரியவே தெரியாது.

ஃபீல்ட் சர்வீஸ் சாஃப்ட்வேர்னா என்னன்னு ஒரு வரியில சொல்லிடறேன். ஏசி, லிஃப்ட், இன்டர்நெட்னு வீடு தேடி வந்து வேலை பாக்கிறவங்களுக்கு யார், எங்கே, எப்போ போகணும், என்ன செஞ்சாங்கன்னு வைக்கிற கணக்கு. சேல்ஸ்ஃபோர்ஸ், மைக்ரோசாஃப்ட் ரெண்டு பேர்கிட்டயும் இருக்கு, நம்ம ஜோஹோகிட்டயும் இருக்கு. டிரைவோட இணைக்க ஜாப்பியர், என்8என், ஜோஹோ ஃப்ளோ மாதிரி கருவிகளும் இருக்கு. கோடே எழுத வேண்டாம். நான் திமிர்ல பைத்தான்ல எழுதினேன்.

இடம் சென்னை. ஒரு ஏசி சர்வீஸ் கம்பெனி, பேர் வேண்டாம். வாரண்டியில கம்ப்ரசர் மாத்தினா, பழைய கம்ப்ரசர் மேல இருக்கிற சீரியல் நம்பர் ஸ்டிக்கரைப் படம் எடுத்து பிராண்டுக்கு அனுப்பணும். படம் இல்லைன்னா க்ளெய்ம் இல்லை. க்ளெய்ம் போச்சுன்னா அந்த வேலைக்கான இன்சென்டிவும் டெக்னீஷியனுக்குப் போச்சு. இந்த விதி நான் வர்றதுக்கு முன்னாடியே இருந்தது. என் வேலை, ஆப்ல ஏறுகிற படங்களை டிரைவ்ல அந்தந்த கம்ப்ளைன்ட் நம்பர் போட்ட ஃபோல்டருக்குள்ள கொண்டுபோய் வைக்கிறது. படம் இல்லாத வேலைகளைப் பட்டியல் போடுறதும் என் ஸ்கிரிப்ட்தான்.

இங்கே வெப்ஹுக் பத்தி கொஞ்சம் சொல்லணும். ஐந்து நிமிஷத்துக்கு ஒருமுறை மூடியைத் திறந்து சோறு வெந்துச்சான்னு பார்க்கிறது ஒரு வழி. குக்கர் விசில் அடிக்கட்டும்னு காத்திருக்கிறது இன்னொரு வழி. வெப்ஹுக்ங்கிறது அந்த விசில். ஆப்ல ஒரு படம் ஏறினதும் அது நம்ம சர்வருக்கு ஒரு தகவல் அனுப்பும். ஆனா விசிலை நம்புறதுல ரெண்டு சிக்கல் இருக்கு. நம்ம சர்வர் பதில் சொல்ல லேட் ஆனா, தகவல் போய்ச் சேரலைன்னு நினைச்சு பல சேவைகள் அதையே மறுபடி அனுப்பும். அதாவது ஒரே படத்துக்கு ரெண்டு விசில். இன்னொண்ணு, சில விசில்கள் ரொம்பச் சுருக்கம். கூகுள் டிரைவ்ல மாற்றங்களைக் கவனிக்கச் சொன்னா, "ஏதோ மாறியிருக்கு" என்று மட்டும்தான் அது சொல்லும். என்ன மாறியதுன்னு நாமதான் திரும்பக் கேட்கணும். அந்தக் கவனிப்பும் அதிகபட்சம் 7 நாள்தான். ஒரு தனி ஃபைலைக் கவனிக்கச் சொல்லியிருந்தா 1 நாள். புதுப்பிக்க மறந்தா எந்த எரரும் வராது, விசில் நின்னுடும், அவ்வளவுதான். இதுல மாட்டாத ஆளை நான் இன்னும் பார்க்கலை.

நான் மாட்டினது இதுல இல்லை. என் கோட் செஞ்சது இது: படம் வந்ததும் கம்ப்ளைன்ட் நம்பர் பேர்ல டிரைவ்ல ஃபோல்டர் இருக்கான்னு தேடும். இருந்தா உள்ள போடும். இல்லைன்னா புதுசா ஒண்ணு உருவாக்கிப் போடும். கேட்க நியாயமா இருக்குல்ல? என் லேப்டாப்ல நூறு தடவை சரியா ஓடிச்சு.

இப்போ ஒரு அபார்ட்மென்டோட ரெண்டாவது பேஸ்மென்டைக் கற்பனை பண்ணுங்க. ஜெனரேட்டர் ரூமுக்குப் பக்கத்துல வேலை, சிக்னல் ஒரு கோடு கூட கிடையாது. டெக்னீஷியன் ஐந்து படம் எடுக்கிறார். ஆப் அதையெல்லாம் போன்லயே வச்சுக்குது. வேலை முடிஞ்சு மேல வந்து பைக்கை எடுக்கிற நேரத்துல சிக்னல் கிடைக்குது, ஐந்து படமும் ஒரே மூச்சுல ஏறுது. என் சர்வருக்கு ஒரே நேரத்துல ஐந்து விசில். முதல் ஆள் ஃபோல்டர் இருக்கான்னு தேடுறான், இல்லை. அவன் உருவாக்கி முடிக்கிறதுக்குள்ள ரெண்டாவது ஆளும் தேடுறான், அவனுக்கும் இல்லை. ரெண்டு பேரும் ஆளுக்கொரு ஃபோல்டர் உருவாக்குறாங்க.

உங்க கம்ப்யூட்டர்ல ஒரே இடத்துல ஒரே பேர்ல ரெண்டு ஃபோல்டர் வைக்க முடியாது. கூகுள் டிரைவ்ல முடியும். அங்கே பேர்ங்கிறது மேல ஒட்டின லேபிள் மட்டும்தான். உண்மையான அடையாளம் ஒவ்வொரு ஃபைலுக்கும் கூகுள் கொடுக்கிற ஐடி. ஒரே தெருவுல ரெண்டு குமார் இருக்கிற மாதிரி. பேரைச் சொல்லிக் கூப்பிட்டா யார் திரும்பிப் பார்ப்பாங்கன்னு சொல்ல முடியாது.

என் ஸ்கிரிப்ட் தேடலில் முதல்ல வர்ற ஃபோல்டரை மட்டும் எடுத்துக்கிட்டது. அதுல மூணு படம் இருந்தது. சீரியல் ஸ்டிக்கர் படம் இன்னொரு ஃபோல்டர்ல பத்திரமா உட்கார்ந்திருந்தது. ஆபீஸ்ல யாரும் டிரைவைத் திறந்து தேடுறதில்லை, ஆப்ல இருக்கிற லிங்க்கைத்தான் அழுத்துவாங்க. அந்த லிங்க்கும் அதே தப்பான ஃபோல்டருக்குத்தான் போகும். பட்டியல்ல "படம் இல்லை"ன்னு வந்துச்சு. யாருமே சந்தேகப்படலை, ஏன்னா சொன்னது கம்ப்யூட்டர்.

ஒரு டெக்னீஷியன் அண்ணன் மட்டும் விடலை. மேனேஜர்கிட்ட என் நம்பரை வாங்கி ஒரு ஞாயித்துக்கிழமை கூப்பிட்டார். "தம்பி, நான் படம் எடுத்தேன். என் போன்லயே இருக்கு. உங்க மெஷின் ஏன் இல்லைன்னு சொல்லுது?" அவர் வாட்ஸ்அப்ல அனுப்பின படத்தை வச்சு எடுத்த நேரத்தைப் பார்க்கலாம்னு நினைச்சேன். சும்மா படமா அனுப்பினா, எடுத்த நேரம், இடம் மாதிரி உள்தகவல்களை வாட்ஸ்அப் நீக்கிடும். டாக்குமென்டா அனுப்பச் சொல்லி மறுபடி வாங்கினேன். நேரம் எல்லாம் சரியா இருந்தது. அப்புறம்தான் டிரைவைத் திறந்து கையால தேடினேன். ஒரே நம்பர்ல ரெண்டு ஃபோல்டர். வயித்துல ஏதோ பண்ணுச்சு.

திருத்தினது இப்படி. படம் வரும்போது ஃபோல்டர் உருவாக்குவதையே நிறுத்தினேன். கம்ப்ளைன்ட் பதிவாகும்போதே, டெக்னீஷியன் வீட்டை விட்டுக் கிளம்புறதுக்கு முன்னாடியே, ஃபோல்டர் ஒருமுறை உருவாகிடும். அதோட ஐடி ஆப்ல அந்த வேலைக்குள்ளேயே ஒரு ஃபீல்டுல பதிவாகும். அதுக்கப்புறம் பேரை வச்சுத் தேடுறதுங்கிற பேச்சே கிடையாது. டிரைவ் ஏபிஐல ஒரு அருமையான வசதி இருக்கு, நிறைய பேர் கவனிக்கிறதில்லை: ஐடியை முன்கூட்டியே கேட்டு வாங்கி வச்சுக்கலாம். அதே ஐடியோட ரெண்டாவது முறை உருவாக்கப் பார்த்தா 409னு எரர் வரும், டூப்ளிகேட் வராது. இந்த எரர் நமக்கு நண்பன். நெட்வொர்க் பாதியில அறுந்தா பயமில்லாம மறுபடி முயற்சி பண்ணலாம்.

வர்ற ஒவ்வொரு விசிலோட எண்ணையும் ஒரு சின்ன டேபிள்ல எழுதி வைக்கிறேன். ஏற்கனவே பார்த்த எண்ணா இருந்தா தள்ளிவிட்டுடும். சர்வர் முதல்ல "கிடைச்சது"ன்னு பதில் சொல்லிட்டு, வேலையை வரிசையில போட்டுப் பொறுமையா செய்யும்.

இதையெல்லாம் விட முக்கியமா நான் நினைக்கிறது, ராத்திரி ஓடுற ஒரு மொக்கை ஸ்கிரிப்ட். ஆப்ல இந்த வேலைக்கு எத்தனை படம், டிரைவ்ல எத்தனை படம்னு ரெண்டு பக்கமும் எண்ணும். ஒத்துவரலைன்னா "படம் இல்லை"ன்னு சொல்லாது, "கணக்கு ஒத்துவரலை, ஆள் பாருங்க"ன்னு மேனேஜருக்கு அனுப்பும். முதல் வாக்கியம் டெக்னீஷியனைக் குற்றவாளி ஆக்குது. ரெண்டாவது என் கோடையும் கூண்டுல ஏத்துது. அதே பட்டியலைப் பார்த்துட்டு இன்சென்டிவ் பிடிக்கிறதை நிறுத்தச் சொல்லி மேனேஜர்கிட்ட சண்டையே போட்டேன். பாதிதான் ஜெயிச்சேன்: இப்போ பிடிக்கிறதுக்கு முன்னாடி டெக்னீஷியனுக்கு ஒரு போன் போகும்.

அந்த எண்ணுற ஸ்கிரிப்டைப் பழைய மூணு மாசத்துக்கும் ஓட்டினோம். ரெட்டை ஃபோல்டர் 23 வேலைகளுக்கு. அதுல 4 அந்த அண்ணனோடது, எல்லாமே பேஸ்மென்ட். பிடிச்ச பணம் அடுத்த மாசச் சம்பளத்துல வந்துடுச்சு. க்ளெய்ம்ல மூணு திரும்பக் கிடைச்சது, ஒண்ணுக்கு பிராண்ட் கொடுத்த கெடு முடிஞ்சிருந்தது.

போன வாரம் அவர் மறுபடி கூப்பிட்டார். என் வீட்டு ஏசியில தண்ணி ஒழுகுதுன்னு எப்பவோ சொல்லியிருந்தேன், ஞாபகம் வச்சு வந்து பார்த்துட்டுப் போனார். ட்ரெயின் பைப்ல அடைப்பாம். அடுத்த எபிசோட்ல, கம்பெனியை விட்டுப் போனவரோட கூகுள் அக்கவுன்ட்ல ஓடிக்கிட்டிருந்த ஆட்டோமேஷன் ஒரு நாள் செத்துப்போன கதை. கேள்விகளை அனுப்பிக்கிட்டே இருங்க மக்களே.