45-ஐத் தாண்டாதே!

வெந்நீரில் குளித்துவிட்டு வந்தால் உடம்பெல்லாம் அரிப்பு. அடிக்கடி தலைவலி. முகத்தில் சிவப்பு. சாதாரணமாகத் தோன்றும் இவை 'பாலிசைத்தீமியா வெரா' என்ற நாள்பட்ட ரத்த நோயின் அறிகுறிகளாகவும் இருக்கலாம்.

1892-ல் பிரெஞ்சு டாக்டர் லூயி வாக்கே விவரித்த இந்த நோயில், எலும்பு மஜ்ஜை கட்டுப்பாடின்றி சிவப்பணுக்களை உற்பத்தி செய்கிறது. ரத்தம் கெட்டியாகிறது, குழாய்களுக்குள் உறைகிறது. விளைவு, மாரடைப்பு அல்லது பக்கவாதம். நோயாளிகளில் சுமார் 95 சதவீதம் பேரிடம் உள்ள 'ஜாக்2' மரபணு மாற்றம் 2005-ல்தான் அடையாளம் காணப்பட்டது.

சிகிச்சை என்னவோ பழைய முறைதான்: ரத்தத்தை அவ்வப்போது வெளியேற்றுவது, குறைந்த அளவு ஆஸ்பிரின், தேவைப்பட்டால் ஹைட்ராக்சியூரியா மாத்திரை. ஆனால் எதுவரை குறைப்பது? 2013-ல் வெளியான இத்தாலிய ஆய்வு விடை தந்தது. ரத்தத்தில் சிவப்பணுக்களின் பங்கை (ஹெமட்டோக்ரிட்) 45 சதவீதத்துக்குக் கீழே வைத்திருந்த 182 பேரில் 5 பேருக்குத்தான் பெரிய ரத்த உறைவோ இதயநோய் மரணமோ நேர்ந்தது. 45 முதல் 50 வரை விடப்பட்ட 183 பேரில்? 18 பேருக்கு.

இன்னொரு முரண்: தட்டணுக்கள் 10 லட்சத்தைத் தாண்டினால் உறைவதற்குப் பதில் ரத்தம் கசியவும் செய்யலாம். அப்போது ஆஸ்பிரினே வில்லனாகிவிடும். எனவே தானாக மாத்திரை விழுங்குவது விபரீதம். ஆண்டுக்கணக்கில் நோயோடு வாழ முடியும் - எண்களின் மீது ஒரு கண் இருந்தால்.