முடிவிலாக் கோட்டைக்கு ஆளுக்கொரு வாசல்

2025 செப்டம்பர் 12 அன்று ‘டீமன் ஸ்லேயர்: இன்ஃபினிட்டி காசில்’ என்ற ஜப்பானிய அனிமே (அசைவூட்ட) படம் இந்தியத் திரையரங்குகளுக்கு வந்தது. ஜப்பானியம், ஆங்கிலம், இந்தி, தமிழ், தெலுங்கு என ஐந்து மொழிகள். நீளம் 155 நிமிடம். கிருஷ்ணகிரி மாவட்டத்து வேப்பனப்பள்ளி மாதிரியான ஊரில் இந்தப் பட்டியலுக்குத் தனி அர்த்தம் உண்டு. ஒரு பக்கம் ஆந்திரம், மறுபக்கம் கர்நாடகம். வீட்டில் தெலுங்கு, சந்தையில் தமிழ், எல்லை தாண்டிய சொந்தக்காரர்களோடு கன்னடம் என்று வாழ்கிறவர்கள் இங்கே ஏராளம். பட்டியலில் கன்னடம் இல்லை என்பதும் அவர்களுக்கு உடனே தெரிந்திருக்கும். ஒரே தெருவிலிருந்து ஓசூருக்குப் போய் ஒருவன் தமிழில் பார்ப்பான்; பெங்களூருவில் வேலை செய்கிற அவன் அண்ணன் ஜப்பானியத்தில் பார்ப்பார். ஞாயிற்றுக்கிழமை டீக்கடையில் இருவரும் சந்திக்கும்போது வாக்குவாதம் வராமல் எப்படி இருக்கும்?

கூட ஒரு நண்பரும் சேர்ந்துகொள்ள, வாதம் பெரும்பாலும் இப்படிப் போகும். “சண்டை வேற லெவல்ணா, புல்லரிச்சுடுச்சு.” “சண்டை சரிடா. நடுவுல நடுவுல பிளாஷ்பேக் போட்டே கொன்னுட்டான்.” “எனக்குத் தலையே சுத்திடுச்சு.” மூன்று பேரும் பார்த்தது ஒரே படம்தான். இதை ரசனை வேறுபாடு என்று சொல்லித் தள்ளிவிடலாம். ஆனால் கண், காது, நினைவு மூன்றும் எப்படி வேலை செய்கின்றன என்று பார்த்தால் வேறொரு விஷயம் தெரிகிறது. திரையில் ஓடுவது பாதிப் படம்தான். மீதியைப் பார்ப்பவரின் மூளை தயாரிக்கிறது. அந்த மீதி ஆளுக்கு ஆள் வேறு.

கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். முசான் என்பவன் அரக்கர்களின் மூதாதை. அவனை ஒழிக்கக் கிளம்பிய வாள்வீரர்களை அவன் தன் கோட்டைக்குள் விழ வைக்கிறான். நகிமே என்ற அரக்கி பிவா என்னும் நரம்பிசைக் கருவியை மீட்ட, அறைகள் இடம் மாறுகின்றன. தரை சுவராகிறது, சுவர் கூரையாகிறது. கோயோஹாரு கோட்டோகே 2016 முதல் 2020 வரை வரைந்த, 23 தொகுதிகள் கொண்ட மாங்கா (சித்திரக்கதை) தொடரின் இறுதிப் போர் இது. மூன்று படங்களாக வரவிருப்பதில் முதல் படம். தயாரித்தது யூஃபோடேபிள் நிறுவனம், இயக்கியவர் ஹாருவோ சொடோசாகி.

முதலில் அசைவை எடுத்துக்கொள்வோம். சினிமாவில் நொடிக்கு 24 சட்டங்கள் (ஃபிரேம்கள்) ஓடுகின்றன. ஆனால் அனிமே ஓவியர்கள் நொடிக்கு 24 படம் வரைவதில்லை. ஒரே ஓவியத்தை மூன்று சட்டங்களுக்கு நிறுத்தி, நொடிக்கு எட்டு ஓவியத்தில் வேலையை முடிப்பது வழக்கம். முக்கியமான இடங்களில் பன்னிரண்டு, மிக முக்கியமான நொடிகளில் அதற்கும் மேல். 1963 ஜனவரி 1 அன்று ஒசாமு தெசுகாவின் ‘ஆஸ்ட்ரோ பாய்’ ஜப்பானியத் தொலைக்காட்சியில் தொடங்கியபோது, வாராவாரம் ஒரு பகுதியைக் குறைந்த செலவில் முடித்தாக வேண்டிய நெருக்கடி இருந்தது. அந்தச் சிக்கனம் நாளடைவில் ஒரு பாணியாகவே ஆகிவிட்டது. வாள் வீசப்படும், நடுவில் ஒரு சட்டம் முழுக்க வெள்ளையாகவோ கறுப்புக் கோடுகளாகவோ மின்னும், அடுத்த ஓவியத்தில் வீச்சு முடிந்திருக்கும். வாள் போன பாதையை யாரும் வரையவில்லை. நாம்தான் பார்த்தோம்.

இது எப்படி நடக்கிறது என்பதற்கு 1912இல் ஜெர்மனியில் மாக்ஸ் வெர்தைமர் வெளியிட்ட சோதனை இன்றும் தொடக்கப் பாடம். இரண்டு கோடுகளை ஒன்றன்பின் ஒன்றாகக் காட்டினார். இடைவெளி ஒரு நொடியின் ஆயிரத்தில் 30 பங்கு அளவில் இருந்தால் இரண்டும் ஒன்றாகத் தெரிகின்றன. 200 பங்கானால் முதலில் ஒன்று, பிறகு இன்னொன்று. நடுவில், 60 பங்கு வாக்கில், ஒரே கோடு இங்கிருந்து அங்கே நகர்வதாகத் தெரிகிறது. அசைவு கோடுகளில் இல்லை, மூளையில் இருக்கிறது. மூளையின் பின்புறத்தில் அசைவுக்கென்றே ஒரு பகுதி உண்டு. அது சேதமடைந்த ஒரு ஜெர்மானியப் பெண்மணியைப் பற்றி 1983இல் மருத்துவ உலகம் அறிந்தது. கோப்பையில் தேநீர் ஊற்றும்போது அது உறைந்து நிற்பதாகவே அவருக்குத் தெரியும். கோப்பை நிரம்புவதைக் காண முடியாது. அனிமேயின் வித்தை அவரிடம் எடுபடாது. நமக்கு எடுபடுகிறது.

தனித்தனிக் காட்சிகளைக் கோத்துக் கதையாகப் பார்ப்பது இந்த மண்ணுக்குப் புதிதல்ல. வேப்பனப்பள்ளிக்கு அருகில் சின்னக்கொத்தூர் இருக்கிறது. போசள மன்னர் காலத்தில் குந்தாணி என்று பெயர் பெற்றிருந்த தலைநகரம் இந்தப் பக்கத்தில்தான் இருந்தது. கிருஷ்ணகிரி மாவட்டம் நடுகற்களுக்குப் பெயர் போனது. இவற்றில் மூன்றடுக்கு நடுகல் ஒரு வகை. கீழே வீரன் போரிடுகிறான். நடுவில் தேவமகளிர் அவனைத் தூக்கிச் செல்கிறார்கள். மேலே அவன் சிவலோகத்தில் அமர்ந்திருக்கிறான். ஒரே ஆள், ஒரே கல், மூன்று காலம். சிற்பி செதுக்காத இடைப்பட்ட நேரத்தைப் பார்ப்பவர் நிரப்பிக்கொள்கிறார்.

இப்போது தலை சுற்றியவரிடம் வருவோம். இந்தப் படத்தில் கோட்டை கணினியில் முப்பரிமாணமாகக் கட்டப்பட்டிருக்கிறது. கேமரா அதற்குள் தாராளமாகப் பாய்கிறது. ரயிலில் உட்கார்ந்திருக்கிறோம், பக்கத்துத் தண்டவாளத்து ரயில் நகர்கிறது, நம் வண்டிதான் கிளம்பிவிட்டதென்று ஒரு கணம் நினைக்கிறோம் அல்லவா, அதே மயக்கம்தான் இது. பார்வைப் புலத்தின் பெரும்பகுதி ஒரே திசையில் நகர்ந்தால் மூளை அதை உடலின் நகர்வாக எடுத்துக்கொள்கிறது. ஆனால் உள்காதில் இருக்கும் சமநிலை உறுப்பு, “இல்லை, நீ நாற்காலியில்தான் இருக்கிறாய்” என்கிறது. இரண்டு செய்திகளும் மோதும்போது குமட்டலும் கிறுகிறுப்பும் வருகின்றன. திரை எவ்வளவு அகலமாகக் கண்ணை அடைக்கிறதோ அவ்வளவு வேகமாக இது வரும். ஆகவே மூன்றாம் வரிசையில் உட்கார்ந்தவர் “ஓவராப் பண்ணியிருக்கான்” என்பதும், பின்வரிசையில் இருந்தவர் “பிரமாதம்” என்பதும் கொள்கை வேறுபாடு அல்ல, டிக்கெட் வேறுபாடு.

உடலின் கருத்து இதைவிடக் கடுமையாகவும் வெளிப்படலாம். 1997 டிசம்பர் 16 அன்று ஜப்பானில் ‘போக்கிமான்’ தொடரின் ஒரு பகுதியில் சிவப்பும் நீலமும் நொடிக்குப் பன்னிரண்டு முறை வாக்கில் மாறி மாறி மின்னின. சில நொடிகள்தான். அன்றிரவு 685 பேர் மருத்துவமனைக்குக் கொண்டுசெல்லப்பட்டார்கள், பெரும்பாலும் சிறுவர்கள். ஒளி மின்னலால் வலிப்பு வரும் தன்மை சிலருக்குப் பிறவியிலேயே உண்டு. அதன் பிறகு ஜப்பானிய ஒளிபரப்பாளர்கள் இத்தகைய மின்னல்களுக்கு வரம்பு விதித்தார்கள்.

புல்லரித்தவருடைய கதை இனிமையானது. மயிர்க்காலின் அடியில் இருக்கும் நுண்தசை சுருங்குவதுதான் புல்லரிப்பு. குளிருக்கும் பயத்துக்கும் ஏற்பட்ட ஏற்பாடு, இசைக்கும் வேலை செய்கிறது. 2001இல் ஆன் பிளட், ராபர்ட் சட்டோரே இருவரும், தங்களைச் சிலிர்க்க வைக்கும் இசையைக் கேட்பவர்களின் மூளையைப் படம் பிடித்தபோது, உணவு போன்ற அடிப்படை இன்பங்களில் தூண்டப்படும் பகுதிகளே அப்போதும் தூண்டப்படுவதைக் கண்டார்கள். எல்லோருக்கும் இது வருவதில்லை. என்ன இசை போட்டாலும் சிலிர்க்காதவர்கள் உண்டு. “எனக்கு ஒன்னும் ஆகலையே” என்கிறவர் வேண்டுமென்றே முறைப்பாக இருப்பதாக நினைக்க வேண்டாம். அவர் உடல் அப்படி.

மொழிக்கு வருவோம். 1976இல் ஹாரி மக்கர்க், ஜான் மெக்டொனால்ட் இருவரும் ஒரு வேடிக்கையைக் கண்டுபிடித்தார்கள். ‘ப’ என்ற ஒலியைக் கேட்க வைத்து, ‘க’ என்று உச்சரிக்கும் உதடுகளைக் காட்டினால், பலருக்கு ‘ட’ போன்ற மூன்றாவது ஒலி கேட்கிறது. அதாவது காது கேட்பதில் கண்ணுக்கும் பங்கு உண்டு. மனிதர்கள் நடித்த வெளிநாட்டுப் படத்தின் தமிழ் டப்பிங் ஒட்டாமல் தெரிவதற்கு இது ஒரு காரணம். உதடு ஒன்று சொல்கிறது, குரல் இன்னொன்று சொல்கிறது. அனிமேயில் இந்தத் தகராறு மிகக் குறைவு. பெரும்பாலான காட்சிகளில் வாய்க்கு மூன்று நிலைகள்தான்: மூடியது, பாதி திறந்தது, முழுக்கத் திறந்தது. ஜப்பானியக் குரல் நடிகர்களே பொதுவாக ஓவியத்தைப் பார்த்துக்கொண்டுதான் பேசுகிறார்கள். அந்த மூன்று நிலைக்குள் தமிழும் தெலுங்கும் சிரமமில்லாமல் உட்காருகின்றன. ஜப்பானியத்தில் பார்ப்பதுதான் அசல் ரசனை என்று பெங்களூரு அண்ணன் அலட்டிக்கொள்ளலாம். ஆனால் வசன வரியைப் படிக்கும் ஒவ்வொரு கணமும் அவர் கண் திரையின் அடியில் இருக்கிறது. நொடிக்குள் முடியும் வாள்வீச்சில் அது சின்ன இழப்பல்ல. தமிழில் பார்த்த தம்பிக்குச் சண்டை கூடுதலாகப் பிடித்திருந்தால் அதற்கு நியாயம் இருக்கிறது.

கடைசியில் பிளாஷ்பேக். படம் பார்க்காதவர்கள் இந்தப் பத்தியைத் தாண்டிப் போகலாம். அகாசா என்ற அரக்கனோடு வாள்வீரர்களான தஞ்சிரோவும் கியூவும் மோதும் சண்டை உச்சத்தில் இருக்கும்போது, படம் அவன் மனிதனாக இருந்த காலத்துக்குத் திரும்புகிறது. நோயாளித் தந்தைக்கு மருந்து வாங்கத் திருடிய சிறுவன். தனக்குத் தஞ்சம் கொடுத்த குருவையும், மணக்க இருந்த பெண்ணையும் எதிரிகள் வைத்த விஷத்துக்குப் பலி கொடுத்தவன். இது நீளமாகவே போகிறது. படத்தைக் குறை சொல்கிறவர்களில் பலர் கை வைப்பது இங்கேதான்.

பார்பரா ஃபிரெட்ரிக்சனும் டேனியல் கானமனும் 1993இல் நடத்திய சோதனை இதற்கு உதவும். இனிமையான, அருவருப்பான குறும்படத் துண்டுகளைப் பல நீளங்களில் காட்டி, பிறகு அபிப்பிராயம் கேட்டார்கள். துண்டு எவ்வளவு நேரம் ஓடியது என்பது தீர்ப்பை அநேகமாகப் பாதிக்கவில்லை. உணர்ச்சி உச்சமும் முடிவும்தான் மனதில் தங்கின. அகாசாவின் கதையில் மனம் கரைந்தவருக்கு 155 நிமிடம் நினைவில் இருக்காது. கரையாதவருக்கு உச்சம் தடைபட்ட எரிச்சலே படத்தின் நினைவாகிவிடும்.

மாங்காவை முன்பே படித்தவர்கள் இன்னொரு கட்சி. ஜோனதன் லெவிட், நிக்கோலஸ் கிறிஸ்டென்ஃபெல்ட் 2011இல் வெளியிட்ட ஆய்வில், முடிவு முன்கூட்டியே சொல்லப்பட்ட சிறுகதைகளை வாசகர்கள் கொஞ்சம் அதிகமாகவே ரசித்தார்கள். பின்னால் வந்த சில ஆய்வுகள் இதை மறுத்தன, விவாதம் முடியவில்லை. ஆனால் நம் பக்கத்துத் திரௌபதி அம்மன் திருவிழாவைப் பார்த்தவர்களுக்கு இதில் வியப்பு ஒன்றும் இராது. பகலில் பாரதம் படிக்கிறார்கள், இரவில் கூத்து ஆடுகிறார்கள், கடைசியில் மண்ணால் செய்த பிரம்மாண்டமான துரியோதனனைப் படுகளத்தில் வீழ்த்துகிறார்கள். யார் சாகப்போகிறார் என்று தெரியாத ஒருவர் அந்தக் கூட்டத்தில் இல்லை. கர்ண மோட்சம் ஆடும் இரவில், போருக்குக் கிளம்பும் கர்ணன் மனைவி பொன்னுருவியிடம் விடைபெறும் காட்சி மணிக்கணக்கில் நீளும். யாரும் “சீக்கிரம் சண்டைக்குப் போ” என்று கத்துவதில்லை. எதிரணி வீரனுக்காக, போரை நிறுத்திவைத்து அழுவதற்கு இந்த மாவட்டம் தலைமுறைகளாகப் பழகியிருக்கிறது. அகாசாவின் பிளாஷ்பேக்கைக் குறை என்று நான் கருதாததற்கும் அந்தப் பழக்கமே காரணமாக இருக்கலாம். படத்தின் ஆகச் சிறந்த பகுதி அதுதான் என்பது என் கட்சி.

இவ்வளவு காரணங்கள் இருக்க, வெளியே கேட்கும் குரல்கள் மட்டும் ஏன் “காவியம்”, “குப்பை” என்று இரண்டே அச்சில் இருக்கின்றன? நான் ஹூ, ஜீ ஜாங், பால் பாவ்லூ ஆகிய ஆய்வாளர்கள் இணைய விற்பனைப் பொருட்களுக்குக் கிடைக்கும் நட்சத்திர மதிப்பெண்களை அலசினார்கள். ஐந்தும் ஒன்றும்தான் குவிந்திருந்தன; நடு மதிப்பெண்கள் மெலிந்திருந்தன. ஆனால் பயன்படுத்திய எல்லோரையும் கூப்பிட்டுக் கேட்டபோது பெரும்பாலோர் நடுவில்தான் நின்றார்கள். சுமார் என்று நினைப்பவர் வாய் திறப்பதில்லை. அவ்வளவுதான் விஷயம்.

திறந்த வாய்களும் ஒன்றையொன்று கேட்டுத்தான் பேசுகின்றன. மேத்யூ சால்கனிக், பீட்டர் டாட்ஸ், டங்கன் வாட்ஸ் மூவரும் 2006இல் வெளியிட்ட சோதனையில் 14,000க்கும் மேற்பட்டவர்கள் கலந்துகொண்டார்கள். யாரும் அதிகம் கேட்டிராத 48 பாடல்கள். பங்கேற்றவர்களைத் தனித்தனி உலகங்களாகப் பிரித்து, தங்கள் உலகத்தில் மற்றவர்கள் எதை எத்தனை முறை தரவிறக்கினார்கள் என்று மட்டும் தெரியும்படி செய்தார்கள். ஓர் உலகத்தில் முதலிடம் பிடித்த பாடல் இன்னொன்றில் பின்தங்கிக் கிடந்தது. மிக மோசமான பாடல் எங்கும் வெற்றி பெறுவது அரிது, மிக நல்லது எங்கும் தோற்பது அரிது. நடுவில் இருந்தவற்றின் தலையெழுத்தை முதலில் வந்த சிலரின் விருப்பம் எழுதியது. முதல் காட்சி முடிந்து விசிலடித்துக்கொண்டு வெளியே வரும் ரசிகர்களுக்கு இருக்கும் அதிகாரம் இதுதான்.

எனவே அடுத்த பாகம் வரும்போது, பார்த்துவிட்டு வந்தவரிடம் “படம் எப்படி?” என்று மட்டும் கேட்டு நிறுத்திவிடாதீர்கள். எந்த வரிசையில் உட்கார்ந்தீர்கள், எந்த மொழியில் பார்த்தீர்கள், கதை முன்பே தெரியுமா, யாரோடு போனீர்கள் என்றும் கேளுங்கள். முடிந்தால் பின்வரிசையில் டிக்கெட் எடுங்கள். உங்களுக்குத் தமிழ் நன்றாக வருமானால் தமிழிலேயே பாருங்கள். யாருக்கும் விளக்கம் சொல்ல வேண்டியதில்லை.