ஒருங்கே ஒளிரும் அணுக்கள்

பத்து விளக்குகள் ஏற்றினால் ஒரு விளக்கின் பத்து மடங்கு ஒளி கிடைக்கும். இதனை ஐயுறுவார் எவருமில்லை. ஆயினும், இக்கணக்கு அணுக்களுக்கு எப்பொழுதும் பொருந்துவதில்லை என்பதை 1954ஆம் ஆண்டில், அமெரிக்காவின் பிரின்ஸ்ரன் பல்கலைக்கழகப் பௌதிக அறிஞர் றொபேட் டிக்கி எடுத்துக்காட்டினார். லேசர் அன்று பிறந்திருக்கவில்லை.

சக்தியூட்டப்பட்ட அணுவொன்று, தன் மிகைச் சக்தியை ஒளியாக வெளிவிடும். எக்கணத்தில் என்பதற்கு நியதியில்லை. அணுக்கள் விலகியிருப்பின் ஒவ்வொன்றும் தன் போக்கிலேயே ஒளிரும். ஒளியின் அலைநீளத்தினும் குறுகிய இடத்தில், அதாவது மில்லிமீற்றரின் ஆயிரத்திலொரு பங்கினும் சிறிய இடத்தில், அவை நெருங்கியிருப்பின் நிலைமை வேறு. வெளிப்பட்ட ஒளி எந்த அணுவினுடையதெனப் பிரித்தறிய வழியில்லை. முதலில் ஒன்றிரண்டு தற்செயலாக ஒளிரும். அவ்வொளியின் வழியே மற்றவை இசைவுறும். பின்னர் யாவும் ஒருங்கே பளிச்சிட்டு அடங்கும்.

தேர்வடத்தை அவரவர் நினைத்த வேளையில் இழுத்தால் தேர் அசையாது. ஒரே குரலுக்கு இழுத்தால் நகரும். அலைகளும் அத்தகையனவே. ஒத்தெழும் அலைகளின் உயரம் கூடும். ஒளிச்செறிவோ அவ்வுயரத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. எனவே அணுக்கள் பத்து மடங்கானால் உச்சச் செறிவு நூறு மடங்காகும். இதனாற் சக்தி புதிதாகப் பிறந்ததென்று கொள்ளலாகாது. வெளிப்படும் காலமே சுருங்குகிறது.

1973இல் மசச்சூசெற்ஸ் தொழினுட்ப நிறுவகத்தார், ஐதரசன் புளோரைட்டு வாயுவில் இத்தகைய துடிப்பைக் கண்டனர். வாயு நீண்ட குழாயெங்கும் பரந்திருந்தும் அதன் நீளவாக்கில் இசைவு தோன்றியது.

இதன் பயன் மணிக்கூட்டிலே தெரிகிறது. சாதாரண லேசரில் அலையின் ஒழுங்கைக் காப்பது ஆடிகளுக்கிடையே நிற்கும் ஒளி. வெப்பத்தால் ஆடிகள் நடுங்க, ஒளியின் மீடிறனும் தடுமாறும். அணுக் கடிகாரத்துக்கு இது பெருங்குறை. ஒழுங்கை அணுக்களே காத்தால் என்ன? 2012இல் கொலராடோவின் ஜிலா ஆய்வுகூடத்தினர், ஏறத்தாழப் பத்து இலட்சம் ருபீடியம் அணுக்களைக்கொண்டு அத்தகைய லேசரை இயக்கினர். ஆடிகளுக்கிடையே இருந்த ஒளித்துணிக்கை சராசரி ஒன்றுகூட இல்லை, ஐந்திலொன்றினும் குறைவு! 2016இல் அவர்களே துரந்தியம் அணுக்களை எடுத்துக்கொண்டனர். கடிகாரங்களுக்கு உகந்த அவ்வணு, தனித்திருப்பின் ஒளிவிட நூறு வினாடிக்கு மேல் தாமதிக்கும். ஒருங்கிணைந்தபோதோ, ஒரு வினாடி கழியுமுன்னரே ஒளிர்ந்தது.