கேட்டதும் சேர்த்ததும் – 17: பாட்டுக்கு நாலு பேர்

சென்ற வாரம் தியேட்டர் வாசலில் விற்ற பாட்டுப் புத்தகங்களைப் பார்த்தோம். இந்த வாரம் கேசட்.

பழைய பாடல்களைத் தேடிக் கடைக்குப் போனால், அவை சந்தைக் காய்கறி மாதிரி ஏற்கெனவே கூறு கட்டி வைக்கப்பட்டிருக்கும். எம்.ஜி.ஆர். ஹிட்ஸ், சிவாஜி ஹிட்ஸ், டி.எம்.எஸ். தத்துவப் பாடல்கள், சுசீலாவின் சோகப் பாடல்கள் என்று. நூறு பாட்டுக்காரர்களுக்குத்தான் தனித் தொகுப்பு. நாலைந்து பாட்டுப் பாடிவிட்டுப் போனவர், சில படங்களுக்கு மட்டும் இசையமைத்துவிட்டு ஒதுங்கியவர், கோயில் திருவிழாவிலிருந்து எப்போதோ ஸ்டூடியோவுக்கு வந்து வாசித்துக் கொடுத்தவர் ஆகியோருக்கு அந்த அலமாரியில் இடமில்லை. அவர்களைக் காப்பாற்றி வைத்திருப்பது தன் மனசுக்குப் பிடித்ததையெல்லாம் ஒன்றாகச் சேர்த்துவைக்கும் சாதாரண ரசிகர்தான். கலவையான சொந்தத் தொகுப்புகள் மேல் எனக்கு இத்தனை மரியாதை வந்தது அதனால்தான்.

1980களில் ஊருக்கு ஊர் ரெக்கார்டிங் சென்டர் இருந்தது. கோடு போட்ட தாளில் பட்டியல் எழுதி, வெற்றுக் கேசட்டோடு கொடுத்துவிட்டு வரவேண்டும். அறுபது நிமிஷக் கேசட்டில் பக்கத்துக்கு முப்பது நிமிஷம். பழைய பாட்டு எட்டு அல்லது ஒன்பது பிடிக்கும். கடைக்காரர் பட்டியலில் விரலை ஓட்டிக்கொண்டே வந்து ஓரிடத்தில் நிறுத்துவார். “இதுக்கு ரெக்கார்டு இல்ல சார், பதிலா வேற ஒண்ணு எழுதுங்க.” அப்புறம், “ஏ சைடு முடியற எடத்துல சின்னப் பாட்டாப் போடுங்க, இல்லேன்னா பாதியில அறுந்துடும்.” பட்டியலின் வரிசையைப் பாதி நம் ஆசையும் பாதி நாடாவின் நீளமும் முடிவுசெய்தன.

அந்தப் பாட்டுகளின் நீளத்தை முடிவுசெய்ததும் ஒரு தட்டுத்தான். அரக்கு கலந்து வார்த்த பத்து அங்குல இசைத்தட்டு, நிமிஷத்துக்கு 78 சுற்று. ஒரு பக்கம் ஏறக்குறைய மூன்றரை நிமிஷத்தில் தீர்ந்துவிடும். அதற்குள் பல்லவி, சரணங்கள், இடையிசை எல்லாம் அடங்க வேண்டும். அடங்காவிட்டால் பாட்டை இரண்டு பக்கமாகப் பிரிப்பார்கள். இல்லையென்றால் ஒரு சரணத்தைக் கழற்றிவிடுவார்கள். படத்தில் கேட்ட சரணம் ரேடியோவில் வரவில்லையே என்று பழைய ரசிகர்கள் ஆதங்கப்படுவதற்கு இதுதான் காரணம்.

என்னிடமுள்ள கேசட்டுகளில் நான் அதிகம் கேட்ட ஒன்றைத் திறக்கிறேன். ஏ பக்கம் முதல் பாட்டு, ‘கொஞ்சும் சலங்கை’ (1962) படத்தின் ‘சிங்கார வேலனே’. எஸ். ஜானகி என்றதும் எல்லோருக்கும் நினைவு வரும் பாட்டு. அவரோடு வாசிப்பவர் காருகுறிச்சி அருணாசலம், டி.என். ராஜரத்தினம் பிள்ளையின் சீடர். நாகஸ்வரம் தேரோடும் வீதிக்கும் கோயில் பிராகாரத்துக்கும் ஆன வாத்தியம்; ஊர்கோடி வரை கேட்க வேண்டும் என்றே அதன் உடம்பு அமைந்திருக்கிறது. அப்படிப்பட்ட ஓசையை ஓர் இளம்பெண்ணின் குரலோடு ஒரே தட்டில் அடக்குவது எத்தனை பெரிய காரியம்! கடைசியில் வரும் ஸ்வரப் பகுதியை மட்டும் தனியாகக் கேளுங்கள். ஜானகி ஒரு கோவை பாடுகிறார். அருணாசலம் அதை வாங்கி, ஆபேரியின் வளைவுகளெல்லாம் தெரியத் திருப்பித் தருகிறார். கோவை குறுகக் குறுக வேகம் ஏறுகிறது. குரல் எது, குழல் எது என்று பிரித்துச் சொல்ல முடியாத ஒரு நொடி அங்கே வருகிறது. வாத்தியம் பாடகியை அமுக்கவில்லை. பாடகியும் வாத்தியத்துக்குப் பயந்து குரலைத் தடிக்க வைக்கவில்லை. படம் வந்து இரண்டே ஆண்டுகளில், 1964இல், அருணாசலம் மறைந்தார். கச்சேரிப் பக்கமே போகாத லட்சக்கணக்கானவர்களுக்கு அவர் வாசிப்பு தெரியும் என்றால், இந்தப் பாட்டால்தான்.

கேசட் அட்டையில் இந்தப் பாட்டுக்கு நேரே நான் நாலு பெயர் எழுதியிருக்கிறேன்: பாடியவர் ஜானகி, எழுதியவர் கு.மா. பாலசுப்பிரமணியம், இசை எஸ்.எம். சுப்பையா நாயுடு, நாகஸ்வரம் காருகுறிச்சி அருணாசலம். நாலில் ஒருவர் இல்லையென்றாலும் இது வேறு பாட்டாகிவிடும்.

அடுத்தது ‘கல்யாண பரிசு’ (1959) படத்தின் சைக்கிள் பாட்டு. ஏ.எம். ராஜாவை ‘மென்மையான குரல்’ என்று சொல்லி முடித்துவிடுகிறோம். இந்தப் படத்துக்கு இசையமைப்பாளரும் அவர்தான். பாடல்கள் பட்டுக்கோட்டை கல்யாணசுந்தரம். இயக்கம் ஸ்ரீதர், அவருக்கு முதல் படம். படம் வெளிவந்தபோது மூவருக்குமே முப்பது வயது ஆகியிருக்கவில்லை. அதே ஆண்டு அக்டோபரில் பட்டுக்கோட்டையார் 29 வயதில் இறந்துபோனார். ராஜா தமிழில் இசையமைத்த படங்கள் கொஞ்சம்தான். 1989இல் வள்ளியூர் ரயில் நிலையத்தில் நேர்ந்த விபத்தில் அவரும் போய்விட்டார். அந்த மெட்டுகளில் ஆரவாரமே கிடையாது. பாடுகிறவர் மூச்சு விடுவதற்கு இடம் விட்டு, சொல் தெளிவாகக் காதில் விழ வேண்டும் என்ற கவனத்தோடு போட்ட மெட்டுகள். தானே பாடகராகவும் இருந்தவர் அமைத்த இசை என்பது ஒவ்வொரு வரியிலும் தெரிகிறது.

ஏ பக்கத்தின் கடைசிப் பாட்டு ‘பாவமன்னிப்பு’ (1961) படத்திலிருந்து. விஸ்வநாதன் – ராமமூர்த்தி இசை, கண்ணதாசன் பாடல். டி.எம். சௌந்தரராஜனோடு சேர்ந்து பாடுகிறார் நாகூர் ஈ.எம். ஹனிபா. இஸ்லாமிய விழாக்களிலும் திராவிட இயக்க மேடைகளிலும் முழங்கிய குரல். சினிமாவில் அவர் பாடியது குறைவு. டி.எம்.எஸ். என்ற கம்பீரத்துக்குப் பக்கத்தில் நின்று, கொஞ்சமும் குறையாமல் ஒலிக்க எத்தனை பேரால் முடியும்? சிவாஜி ஹிட்ஸ் தொகுப்புகளிலும் இந்தப் பாட்டு கிடைக்கும். ஹனிபா பெயரைத்தான் தேட வேண்டியிருக்கும்.

பி பக்கத்தில் ‘யார் நீ?’ (1966) படத்தின் ‘நானே வருவேன்’. சுசீலா குரலில் இரவில் கேட்டால் இன்றும் உடம்பு சிலிர்க்கும். இசை வேதா என்று படத்தில் இருக்கும். மெட்டு மதன்மோகனுடையது, ‘வோ கௌன் தீ’ (1964) என்ற இந்திப் படத்துக்காக லதா மங்கேஷ்கர் பாடியது. அந்தப் படத்தைத்தான் தமிழில் எடுத்தார்கள். அதற்காக வேதாவை ஒதுக்க எனக்கு மனம் வராது. இன்னொரு மொழிக்காகப் பிறந்த மெட்டில் கண்ணதாசனின் சொற்கள் உறுத்தாமல் உட்கார்ந்திருக்கின்றன என்றால், அதில் வேதாவின் உழைப்பு இருக்கிறது. ஆகவே என் அட்டையில் இருவருக்கும் இடம் உண்டு: மெட்டு மதன்மோகன், தமிழில் இசை வேதா.

அதையடுத்து இலங்கைப் பொப்பிசை. யாழ்ப்பாணப் பேச்சு மணக்க நித்தி கனகரத்தினம் பாடிய ‘சின்ன மாமியே’, பிறகு ஏ.ஈ. மனோகரன் பாடிப் பரப்பிய ‘சுராங்கனி’. சிங்கள பைலாத் தாளத்துக்குத் தமிழும் சிங்களமும் கலந்து ஆடும் பாட்டு. கடல் தாண்டி இங்கே வந்து கல்யாண வீடுகளிலும் கல்லூரி விழாக்களிலும் இடம் பிடித்தது. ‘அவர் எனக்கே சொந்தம்’ (1977) படத்தில் இளையராஜா அதை மலேசியா வாசுதேவன் குரலில் சேர்த்துக்கொண்டார். கர்நாடக ராகத்தில் தொடங்கிய கேசட் பைலாவில் போய் நிற்பது சிலருக்கு ஒவ்வாது. எனக்கு இந்தப் பக்கத்துவீட்டுத்தனம் பிடித்திருக்கிறது. நாகஸ்வரமும் கிடாரும் ஒரே தெருவில்தானே ஒலித்தன?

இத்தனை பெயர்களை ஏன் வரிந்து கட்டிக்கொண்டு எழுதுகிறேன் என்று சிலர் கேட்கலாம். பெயர் தொலைவது இந்தத் துறையில் மிகச் சுலபம். ‘ஸ்ரீவள்ளி’ (1945) படத்தில் நாயகி குமாரி ருக்மணியின் பாட்டு திருப்தி தராததால், ஏ.வி. மெய்யப்பன் பி.ஏ. பெரியநாயகியின் குரலைச் சேர்த்தார். திரையில் ஒருவர், பாட்டில் இன்னொருவர் என்பது அப்போது மக்களுக்குப் புதிது. முகத்துக்குத்தான் கைதட்டல். இந்தியில் ‘மஹல்’ (1949) படத்தின் புகழ்பெற்ற பாட்டுக்கு இசைத்தட்டில் பாடியவர் ‘காமினி’ என்று அச்சிட்டிருந்தார்கள். அது கதாபாத்திரத்தின் பெயர்! யார் பாடியது என்று கேட்டு ரசிகர்கள் வானொலிக்கு எழுதிய பிறகே லதா மங்கேஷ்கர் என்ற பெயர் வெளியே வந்தது. கேட்டவர்கள் கேள்வி கேட்டதால் ஒரு பாடகிக்கு அவர் பெயர் திரும்பக் கிடைத்தது.

இன்று நிலைமை மறுபடியும் அப்படித்தான் இருக்கிறது. செல்போனில் பழைய பாட்டு ஒன்றைத் தேடினால் நடிகர் படம் பெரிதாக வருகிறது. எழுதியவர் பெயர் பல நேரம் இல்லை, வாசித்தவர் பெயர் அநேகமாக எப்போதும் இல்லை. பாட்டு கைக்கு எட்டும் தூரத்தில் இருக்கிறது, அதைச் செய்தவர்கள் தூரமாகிக்கொண்டே போகிறார்கள்.

ஆகவே வாசகர்களிடம் ஒரு வேண்டுகோள். உங்களுக்குப் பிடித்த பத்துப் பழைய பாட்டை எழுதுங்கள். ஊர் மெச்சும் பட்டியலாக இருக்க வேண்டியதில்லை. பக்திப் பாட்டுக்குப் பக்கத்தில் டப்பாங்குத்து இருக்கட்டும். ஒவ்வொரு பாட்டுக்கும் நேரே பாடியவர், எழுதியவர், இசையமைத்தவர், முடிந்தால் முக்கியமான வாத்தியம் வாசித்தவர் என்று நாலு பெயரைத் தேடி எழுதுங்கள். தெரியாத இடத்தில் கோடு போட்டு விடுங்கள். வீட்டுப் பெரியவர் யாராவது வந்து நிரப்புவார். பத்துப் பாட்டு முடிவதற்குள் நீங்கள் கேள்வியே பட்டிராத இரண்டு மூன்று பெயராவது கிடைக்கும். அவர்களுடைய அடுத்த பாட்டைத் தேடத் தொடங்குவீர்கள். ஒரு தொகுப்பு வளர்வது அப்படித்தான்.

பட்டியலை எனக்கும் அனுப்புங்கள். அடுத்த வாரம், பாட்டோடு பெயர்களையும் சொல்லி நம் காதுகளைப் பழக்கிய இலங்கை வானொலி.

(தொடரும்)