வேரினுள் ஓர் உடன்படிக்கை

ஹட்டனிலிருந்து தலவாக்கலை வழியாக நுவரெலியாவுக்குச் செல்வோர், தேயிலைச் செடிகளுக்கிடையே முருக்கினத்து மரங்கள் நிற்கக் காண்பர். அவை நிழலுக்காக மட்டும் நடப்பட்டவையல்ல. வெட்டி நிலத்திலிடப்படும் அவற்றின் தழை உக்கித் தேயிலைக்கு நைதரசனை அளிக்கிறது.

காற்றில் நூற்றுக்கு 78 பங்கு நைதரசனேயாயினும், எச்செடியும் அதனை நேரே உட்கொள்ள வல்லதன்று. அவரைக் குடும்பத்தைச் சேர்ந்த முருக்கோ, தன் வேரிற் சிறுகணுக்களை அமைத்து, மண்வாழ் பற்றீரியாக்களை அவற்றுட் குடியமர்த்துகிறது. மரம் வெல்லத்தை வழங்க, பற்றீரியா காற்றின் நைதரசனை அமோனியாவாக்கிக் கொடுக்கிறது.

மண்ணிலுள்ள எண்ணிறந்த நுண்ணுயிர்களுள் தனக்குரிய துணையை வேர் எவ்வாறு இனங்காண்கிறது? இதனை இருதிறத்துப் பரம்பரையலகுகளும் தீர்மானிக்கின்றன. வேர் சுரக்கும் பிளேவனொயிட்டுப் பொருளை உணர்ந்ததும், பற்றீரியாவின் 'நொட்' அலகுகள் விழித்து, ஒரு மூலக்கூற்றை ஆக்கி விடையாக அனுப்புகின்றன. அதன் அமைப்பை 1990ஆம் ஆண்டிற் பிரான்சு நாட்டுத் தூலூஸ் நகரத்து ஆய்வாளர் வெளிப்படுத்தினர். அதனை ஏற்கும் வாங்கிகளுக்குரிய அலகுகளை 2003இல் டென்மார்க்கு ஆய்வாளர் தாவரத்திற் கண்டனர். இரண்டும் பொருந்தினாலன்றி வேர்மயிர் வளைந்து வழிவிடாது, சிறுகணுவும் தோன்றாது.

தேயிலைக்கு இவ்வாற்றல் இல்லை. எனினும் அதன் வேர் ஒருவகைப் பூஞ்சையுடன் ஒன்றி வாழ்கிறது. அவ்வாழ்வுக்கு உதவும் பழைய அலகுகள் பலவற்றையே அவரைக் குடும்பம் சிறுகணு அமைக்கவும் பயன்படுத்துகிறது என்பது வியப்பிற்குரியது.

இது வெறும் ஏட்டறிவன்று. 2021ஆம் ஆண்டு மே மாதத்தில் இரசாயன உர இறக்குமதி தடைசெய்யப்பட்டது. அவ்வாண்டு முடியுமுன் தடை நீங்கியபோதும், ஏறத்தாழ 30 கோடிக் கிலோகிராமாயிருந்த தேயிலை உற்பத்தி 2022இல் 25 கோடியளவிற்கு வீழ்ந்தது. கொழுந்து குறையுமிடத்து அதனை எடுப்பவளின் வருவாயும் குறையும். பறிக்கப்படும் ஒவ்வொரு கொழுந்தும் நைதரசனைக் கொண்டுசெல்வதால், நிழல்மரத் தழை மட்டும் அவ்விழப்பை ஈடுசெய்யாது. ஆயினும் மரத்தைப் பேணும் தோட்டம் உரச் செலவில் ஒரு பகுதியை மீட்கும்.

லயத்தருகே போஞ்சி பயிரிடுவோர், பூக்கும் பருவத்தில் ஒரு செடியை மெல்லப் பெயர்த்துச் சிறுகணுவை நறுக்கிப் பார்க்கலாம். உள்ளே இளஞ்சிவப்பு நிறமிருப்பின் பற்றீரியா தொழில் புரிகின்றதென அறிக. அறுவடைக்குப்பின் அவ்வேர்களை மண்ணிலேயே விட்டுவிடுதல் நன்று.