பாஸ்வேர்ட் சரி, கோட் எங்கே?

2022 ஜூலை 8. மொன்றியல் உட்பட கனடாவின் பல இடங்களில் ரோஜர்ஸ் நெட்வொர்க் முடங்கியது. ஹேக்கர் வேலை இல்லை. மெயின்டெனன்ஸில் செய்த ஒரு ரூட்டர் மாற்றம். எஸ்எம்எஸ் கோடை மட்டும் நம்பியிருந்த அவர்களின் வாடிக்கையாளர்களுக்கு, பாஸ்வேர்ட் தெரிஞ்சும் வேலை மெயில் திறக்க வழியில்லை.

ஆத்தென்டிகேட்டர் ஆப் வேற மாதிரி. முதல்நாள் ஸ்கேன் பண்ணும் கியூஆர் கோடில் ஒரு ரகசியச் சாவி இருக்கு. அதையும் நேரத்தையும் வைத்து ஃபோனே 30 செக்கனுக்கு ஒருக்கா ஆறு இலக்கத்தைக் கணக்கிடும். சிக்னலே வேண்டாம்.

கோட் பிழை எண்டு சொன்னா, முதல்ல ஃபோன் நேரத்தை ஓட்டோமெட்டிக்கில போடுங்கோ.

இன்னொண்டு: ஐடி ஆட்களின் நம்பரை பேப்பரில் எழுதி வையுங்கோ. பூட்டின மெயிலுக்குள்ள இருந்தா, அது உதவாது.